தனியார் எஃப்எம்மில் செய்தி ஏன் வருவதில்லை? (சமுதாய வானொலிக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்)

வைகைக்கரை

ரொம்ப நாளாக இருக்கும் சந்தேகம். எங்கள் ஊர் டீக்கடைக்கு நாலு பத்திரிகை வருகிறது. டிவியில் இருபத்துநாலு மணி நேரமும் செய்தி ஓடுகிறது. யூடியூபைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மைக் வைத்திருப்பவரெல்லாம் செய்தியாளர். தனியார் எஃப்எம்மில் மட்டும் பாட்டு, மொக்கை ஜோக், நகைக்கடை விளம்பரம், மறுபடி பாட்டு. போன மழையில் ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது ஆர்ஜே "மழைக்கு பஜ்ஜியா, போண்டாவா? வாட்ஸப் பண்ணுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டப்படியே தடை இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நிஜமா? எமர்ஜென்சி காலத்துச் சட்டமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீடியம்வேவ் மாமா

நிஜம்தான் தம்பி. உரிமம் கொடுக்கும்போதே செய்தியும் நடப்பு விவகாரமும் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுக்கிறார்கள். மீறினால் உரிமத்துக்கே ஆபத்து. 2011-இல் வந்த மூன்றாம் கட்ட எஃப்எம் கொள்கையில் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை எதையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பிக்கொள்ளலாம். அவ்வளவுதான். சொந்தமாக நிருபர் வைத்து, சொந்தமாக எழுதி வாசிப்பது இன்றுவரை கிடையாது.

எமர்ஜென்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேர் அதற்கும் ரொம்ப முந்தியது. இந்த நாட்டில் வானொலியை ஆரம்பித்ததே தனியார்தான். நம் சென்னையில் 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பியது. 1927-இல் காசில்லாமல் நின்றுபோனது. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். 1930-இலிருந்து 1938-இல் ஆல் இந்தியா ரேடியோ சென்னைக்கு வரும்வரை மாநகராட்சியே நடத்தியது. யோசித்துப் பாருங்கள், குப்பை அள்ளுகிற, குழாய்த் தண்ணீர் விடுகிற மாநகராட்சி சொந்தமாக வானொலியும் வைத்திருந்தது! இன்று ஒரு மாநகராட்சி அப்படிக் கேட்டால் கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்று எனக்குத் தெரியாது.

பம்பாயில் 1927 ஜூலை 23 அன்று தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியும் 1930-இல் நொடித்துப்போனது. வெள்ளைக்கார அரசு அதை எடுத்துக்கொண்டது. 1936-இல் ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வந்தது. சுதந்திரத்தின்போது நமக்கு மிஞ்சியவை ஆறு நிலையங்கள்: தில்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. காலனி அரசு தன் பயத்துக்குக் கட்டிவைத்த ஏகபோகம் அது. புதிதாக வந்தவர்களுக்கும் அது வசதியாக இருந்தது, விடவில்லை. காங்கிரஸ், ஜனதா, பாஜக என்று கட்சி வித்தியாசமே கிடையாது இதில்.

1993-இல் ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்று ஒரு சண்டை வந்தது. வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான அந்த வழக்கில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அலைவரிசை பொதுச்சொத்து, அதில் அரசின் ஏகபோகம் கூடாது, பணக்காரனின் ஏகபோகமும் கூடாது. அதற்குப் பிறகுதான் பிரசார் பாரதி (ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் அமைப்பு, 1997), தனியார் எஃப்எம் ஏலம், சமுதாய வானொலி (ஒரு கல்லூரியோ ஊர் அமைப்போ தன் சுற்றுவட்டாரத்துக்காக லாபநோக்கமில்லாமல் நடத்தும் சின்ன நிலையம்) எல்லாம். பொதுச்சொத்து என்று சொன்ன பிறகும் அதில் செய்தி சொல்லும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. எனக்கு இன்னும் செரிக்காத விஷயம் இது.

செம்பருத்தி

மாமா சொன்ன வரலாறு சரி. ஆனால் இந்த மாதிரி இழைகளில் அரசு வானொலியை வில்லனாக்கிவிட்டுப் போவது வழக்கம், அதனால் குறுக்கே வருகிறேன். தொண்ணூறுகளில் ஒரு நிலையத்தில் கேஷுவல் அறிவிப்பாளராக இருந்தவள் நான். கியூ ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பேச்சு நாற்பது விநாடி முன்னால் முடிந்துவிட்டால் அந்த இடைவெளிக்கு எந்த வாத்திய இசையைப் போடுவது என்று தவித்தவள்.

தஞ்சைப் பக்கத்தில் அறுபதுகளில் ஏடிடி 27 என்ற புது நெல் வந்தபோது, நாற்று விடுவதிலிருந்து உரம் போடுவதுவரை திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே பரப்பியது. விவசாயிகள் அதை "ரேடியோ நெல்" என்றே கூப்பிட்டார்கள். எந்தத் தனியார் எஃப்எம் பெயரில் என்ன விளைந்திருக்கிறது? தில்லியிலிருந்து சரோஜ் நாராயணஸ்வாமி வாசிக்கும் செய்தியைக் கேட்டு உச்சரிப்புப் பழகியவர்கள் எத்தனை பேர்!

தப்பே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஐம்பதுகளில் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று ஒதுக்கினார்கள். ஜனங்கள் பேசாமல் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே 1950-இலேயே வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பித்திருந்தது. இந்தியக் கம்பெனிகளின் விளம்பரக் காசு கொழும்புக்குப் போனது. இங்கே புத்தி வந்து விவித பாரதி தொடங்க 1957 அக்டோபர் ஆனது, அதில் விளம்பரம் வாங்க இன்னும் பத்து வருஷம். கேட்கிறவனுக்குப் பிடித்ததைத் தடுத்தால் அவன் திருந்த மாட்டான், அடுத்த நிலையத்துக்குப் போவான். இதே தப்பைத்தான் செய்தி விஷயத்தில் மறுபடி செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஸ்பாட் ரேட்

நான் ஒரு தனியார் எஃப்எம்மில் விளம்பரம் விற்கிற ஆள். (எந்த எஃப்எம் என்று கேட்காதீர்கள், ஆடித் தள்ளுபடி சீசன், வேலை முக்கியம்.)

வைகைக்கரை, உங்கள் பஜ்ஜி-போண்டா ஆர்ஜேயைச் சட்டம் தடுக்கவே இல்லை. விதிகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். போக்குவரத்து, வானிலை, விளையாட்டுப் போட்டி விவரம், உள்ளூர் விழா, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர் விநியோகம், உள்ளூர் நிர்வாகம் தரும் இயற்கைப் பேரிடர் எச்சரிக்கை, சுகாதார அறிவிப்பு: இதெல்லாம் செய்திக் கணக்கில் வராது, தாராளமாகச் சொல்லலாம். கலெக்டர் ஆபீஸ் வெள்ள எச்சரிக்கை விட்டிருந்தால் அவர் அதை வாசித்திருக்கலாம். வாசிக்காதது யார் குற்றம்?

உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன், தடை பல முதலாளிகளுக்கு வசதியான சாக்கு. செய்திப் பிரிவு என்றால் நிருபர், துணை ஆசிரியர், வக்கீல் நோட்டீஸ் வந்தால் பார்க்க ஒரு ஆள். பாட்டுக்கு அது எதுவும் வேண்டாம். தவிர, போட்ட முதலைப் பாருங்கள். முதல் கட்டத்தில் 40 ஊர்களில் 108 அலைவரிசைகளை ஏலம் விட்டார்கள். உரிமக் கட்டணம் வருஷா வருஷம் 15 சதவீதம் ஏறும் என்று நிபந்தனை. ஏலத்தில் கையைத் தூக்கியவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஓடினார்கள். கடைசியில் நின்றவை 12 ஊர்களில் 21 நிலையங்கள். 2001 ஜூலையில் பெங்களூரில் முதலாவது வந்தது. 2005-இல் வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றிய பிறகுதான் தொழில் மூச்சு விட்டது. அப்புறம் 2015 ஏலத்தில் தில்லியில் ஒரே ஒரு அலைவரிசை சுமார் 169 கோடிக்குப் போனது. அவ்வளவு கொட்டியவன் நகராட்சிக் கூட்டத்துக்கு ஆள் அனுப்புவானா, நகைக்கடைக்காரரைத் தேடிப் போவானா?

எல்லா எஃப்எம்மும் ஒரே மாதிரி ஒலிப்பதற்கும் இதுதான் காரணம். குறைந்த ஆபத்தில் நிறையக் காதுகள். எல்லாரும் அதே ஹிட் பாட்டுகளுக்குத்தான் வந்து நிற்போம்.

வைகைக்கரை

ஸ்பாட் ரேட் சார், நேர்மையான பதிலுக்கு நன்றி. அப்படியானால் தடையை எடுத்தாலும் எங்களுக்கு பஜ்ஜிதான் என்கிறீர்களா?

ஸ்பாட் ரேட்

சென்னை, கோவையில் ஒன்றிரண்டு பேர் முயற்சி செய்வார்கள். டிவி சேனலோ பத்திரிகையோ சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு நிருபர்கள் ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சுலபம். மற்ற ஊர்களில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

உப்புக்காற்று

இழைத் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு எல்லாரும் மறந்த ஆள் நான். கடற்கரைக் கிராமம் ஒன்றில் சமுதாய வானொலியில் வேலை. சம்பளம் என்று சொல்ல முடியாது, வேலை என்று சொல்லலாம்.

தனியார் எஃப்எம்முக்குச் செய்தி வேண்டுமா வேண்டாமா என்பது அவர்கள் பாடு. எங்களுக்கு அது உயிர் பிரச்சினை. காலையில் எங்கள் நிகழ்ச்சி இப்படிப் போகும்: முதலில் காற்றின் வேகம், அலை உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா. அப்புறம் ஏலக்கூடத்தில் நேற்று நண்டும் இறாலும் என்ன விலைக்குப் போனது. பிறகு ரேஷன் கடை, டாக்டர் வரும் நாள், யாராவது வலையைத் தொலைத்திருந்தால் அந்த அறிவிப்பு. இதெல்லாம் சரி. ஆனால் படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு யாருடையது, யார் யார் போயிருந்தார்கள், எந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறார்கள், இதுதான் அன்றைக்கு ஊருக்கே வேண்டிய விஷயம். எங்களுக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், ஏனென்றால் அவர்கள் வீட்டு ஆட்கள் ஸ்டூடியோ வாசலில் நிற்பார்கள். ஒலிபரப்பினால் அது செய்தி. செய்தி எங்களுக்குக் கிடையாது. ஆகாசவாணி சொல்லும்வரை காத்திருந்து அதை அப்படியே மறுஒலிபரப்பு செய்யலாம். அதில் "மீனவர்கள் கைது" என்று ஒரு வரி வரும், பெயர் வராது. மைக்கை மூடிவிட்டு வாசலுக்கு வந்து, தெரிந்ததை வாயால் சொல்லிவிட்டு, திரும்ப உள்ளே போய் அம்பா பாட்டு (மீனவர்கள் வேலை செய்துகொண்டே பாடுவது) போடுவோம்.

சமுதாய வானொலியே இங்கே தயங்கித் தயங்கித்தான் வந்தது. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் முதலாவதாக வந்தது. சாதாரண ஜனங்களின் அமைப்புகளுக்கு 2006 நவம்பரில்தான் கதவு திறந்தது. தெலங்கானாவில் மாச்னூர் கிராமத்துத் தலித் பெண்கள் 1998-இலேயே ஸ்டூடியோ கட்டி, நிகழ்ச்சி பதிவு செய்து, கேசட்டில் போட்டு ஊர் ஊராகச் சங்கக் கூட்டங்களில் கேட்டார்கள். விதை, சிறுதானியம், அவர்கள் ஊர்ப் பேச்சு, அவர்கள் பாட்டு. அந்தச் சங்கம் ரேடியோவுக்கு ஒலிபரப்ப அனுமதி கிடைத்தது 2008-இல். ஸ்டூடியோ தயார், குரல் தயார், பத்து வருஷம் காற்று மட்டும் இல்லை.

பாம்பனில் கடல் ஓசை 2016 முதல் 90.4-இல் இருக்கிறது, மீனவர்களுக்காகவே நடக்கும் நிலையம். போய்ப் பாருங்கள், இங்கே உட்கார்ந்து படிப்பதைவிட நன்றாகப் புரியும்.

டயல் திருகி

அலைவரிசை பொதுச்சொத்து என்று மாமா சொன்னாரே, அந்தச் சொத்தை எப்படிப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று டயலிலேயே பார்க்கலாம். சென்னையில் திருகிக்கொண்டே போங்கள்: 91.1, 91.9, 92.7, 93.5, 94.3. சரியாக 0.8 இடைவெளி. ஒரே ஊரில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே 800 கிலோஹெர்ட்ஸ் விடுகிறார்கள். பாதியாக்கலாம், 400 போதும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. இடைவெளி குறைந்தால் நிலையம் கூடும், ஏல விலை சரியும். அதனால் யாருக்கும் அவசரமில்லை.

சமுதாய வானொலிகளைப் பாருங்கள், பெரும்பாலும் 90.4, 90.8, 107.8 என்று டயலின் இரண்டு ஓரங்களில்தான். அண்ணா எஃப்எம்மும் 90.4, கடல் ஓசையும் 90.4. மோதாது, ஏனென்றால் சக்தி அவ்வளவு குறைவு. 50 வாட் டிரான்ஸ்மிட்டர், ஆண்டெனா 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் பெரிது. ஆகாசவாணியின் கொடைக்கானல் நிலையமான கோடைப் பண்பலை 100.5-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். 10 கிலோவாட், அதுவும் 2,000 மீட்டருக்கு மேல் மலையில். எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது, அதற்கு உயரம்தான் எல்லாம். வைகைக்கரை, தேனியிலும் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் டீக்கடையில் அது கேட்கும். ஒரே மலையிலிருந்து இத்தனை மாவட்டத்துக்குப் போகிற ஒன்று அரசின் கையில் இருக்கிறது. அதில் உள்ளூர்ச் செய்திக்கு இன்னும் நேரம் கொடுத்தாலே உங்கள் குறை பாதி தீரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்தியாவில் எஃப்எம் முதலில் வந்ததே சென்னையில்தான், 1977 ஜூலை 23. கேட்கத்தான் பெட்டி யாரிடமும் இல்லை.

ஓரமா நிக்கிறவன்

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், அதனால் நான் மறுபக்கம். ருவாண்டாவில் 1994-இல் என்ன நடந்தது? தனியார் எஃப்எம் ஒன்று பாட்டுக்கும் கேலிக்கும் நடுவே ஆளை அடையாளம் காட்டிக் கொல்லச் சொன்னது. நம் ஊர் சாதிச் சண்டையில், ஒரு ஊர்க்காரன் கையில் டிரான்ஸ்மிட்டரும் செய்தி சொல்லும் உரிமையும் இருந்தால் என்ன ஆகும்? டிவியை தில்லியில் உட்கார்ந்து கண்காணிக்கலாம். முந்நூறு நானூறு கிராம நிலையங்கள் வட்டார வழக்கில் பேசுவதை யார் கேட்பார்கள்? கண்காணிக்க முடியாது, பாதுகாப்புப் பிரச்சினை என்று அரசு சொல்வதில் கொஞ்சமாவது நியாயம் இருக்கிறது.

மீடியம்வேவ் மாமா

ருவாண்டா உதாரணத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன், பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த நிலையம் ஆட்சியில் இருந்தவர்களின் ஆதரவில் ஓடியது. காதுக்கு எட்டாத கிராமத்து நிலையமா அது? தலைநகரிலேயே இருந்தது, கண்காணித்திருக்க வேண்டியவர்களே பின்னால் நின்றார்கள்.

பக்கத்து நேபாளத்தைப் பாருங்கள். ரேடியோ சாகர்மாதா 1997-இல் வந்தது, தெற்காசியாவின் முதல் சுதந்திர சமுதாய வானொலி. அதன் பிறகு மலைக்கு மலை நிலையங்கள், செய்தியும் உண்டு. மாவோயிஸ்ட் போர் நடந்த நாடு அது. 2005-இல் மன்னர் ஆட்சியைக் கையில் எடுத்ததும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று எஃப்எம் செய்தியை நிறுத்தியது. எது யாருக்கு இடைஞ்சல் என்று அதிலேயே தெரிகிறது.

நம் ஊரில் வதந்தி பரவுவது ரேடியோவிலா? வாட்ஸப்பில் யார் அனுப்பினான் என்றே தெரியாது. சமுதாய வானொலிக்கு முகவரி இருக்கிறது, உரிம எண் இருக்கிறது, ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தப்பாகப் பேசினால் பிடிக்கலாம்.

2013-இல் காமன் காஸ் என்ற அமைப்பு இந்தத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2023 செப்டம்பரில் டிராயே தனியார் எஃப்எம்முக்கு மணிக்கு 10 நிமிடம் செய்தி அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், ஆணை இல்லை.

ஓரமா நிக்கிறவன்

மூன்று மாதப் பதிவு நடந்த பிறகு பிடிக்கத்தான் உதவும் மாமா. கலவரம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நேபாள விஷயம் யோசிக்க வேண்டியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் சமுதாய வானொலிக்குக் கொடுத்துப் பார்க்கட்டும், தனியாருக்கு அப்புறம்.

செம்பருத்தி

இதில் நான் ஓரமா நிக்கிறவன் பக்கம். ஸ்பாட் ரேட் தம்பி சொன்னதைத் திரும்பப் படியுங்கள், டிவி சேனலும் பத்திரிகையும் வைத்திருப்பவர்களுக்குத்தான் சுலபம் என்கிறார். ஏற்கெனவே எல்லா வாயும் வைத்திருப்பவனுக்கு இன்னொரு வாய் எதற்கு? டிராய் பரிந்துரை யாருக்குப் பத்து நிமிடம் தருகிறது என்று பாருங்கள். உப்புக்காற்று தம்பியின் ஸ்டூடியோ வாசலில் நிற்கிறவர்களைப் பற்றி யோசித்து எழுதியதாகத் தெரியவில்லை.

உப்புக்காற்று

அக்கா, வாசலில் நிற்பவர்கள் சார்பில் நன்றி.

யாரும் கேட்காத காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் அலைக்கற்றைக் கட்டணத்தை வருஷத்துக்கு 19,700 ரூபாயிலிருந்து 91,000 ஆக ஏற்றினார்கள். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி, அப்புறம் திரும்பப் பெற்றார்கள். 2024 பிப்ரவரியில் விதி கொஞ்சம் இளகியது. விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 ஆனது, அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 52 ரூபாய் இருந்தது 74 ஆனது, உரிமம் 5 வருஷத்திலிருந்து 10 வருஷம். அந்த அறிவிப்பு வந்த இடமும் அண்ணா பல்கலைக்கழகம்தான், அண்ணா எஃப்எம்மின் இருபதாவது வருஷத்தில். கணக்குப் போடுங்கள்: 12 நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. எங்களுக்கு வருவது ஐஸ் பிளான்ட் விளம்பரம் ஒன்று, வலைக்கடை ஒன்று, தேர்தல் சமயத்தில் வாக்களிக்கச் சொல்லும் அரசு விளம்பரம். மீதி நேரம் அம்பா பாட்டு.

ஸ்பாட் ரேட்

பத்து விநாடிக்கு 74-ஆ! இங்கே அதற்கு ஜிங்கிளின் முதல் எழுத்துக்கூட வராது. ஐஸ் பிளான்ட்காரரை விடாதீர்கள், பண்டிகைக்கு முந்தின மாசமே போய்ப் பேசி வருஷ ஒப்பந்தமாக முடித்துவிடுங்கள். எப்படி பேக்கேஜ் போடுவது என்று தனிமடலில் அனுப்புகிறேன், காசு வேண்டாம்.

வைகைக்கரை

நிறையத் தெரிந்துகொண்டேன், எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒரு அசட்டுக் கேள்வி. என் புது போனில் எஃப்எம்மே இல்லையே? கோடைப் பண்பலையை எதில் கேட்பது?

டயல் திருகி

அசட்டுக் கேள்வி இல்லை. எஃப்எம் வசதி பல போன்களின் சிப்பிலேயே இருக்கும், கம்பெனிக்காரர்கள் அதை இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். இயர்போன் வயர்தான் ஆண்டெனாவாக வேலை செய்யும், இப்போது அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள். போனில் எஃப்எம்மை முடக்கக் கூடாது என்று 2023-இல் மத்திய அரசு அறிவுரை அனுப்பியது. அறிவுரை என்பதால் அதன் கதி உங்களுக்கே தெரியும். பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏஐஆர் செயலியில் ஆகாசவாணி நிலையங்கள் வரும், டேட்டா செலவாகும், ஒலி கொஞ்சம் தாமதித்து வரும். பஸ்ஸில் கேட்க ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்கிவிடுங்கள்.

உப்புக்காற்று

செயலி கரையில் இருப்பவர்களுக்கு. கடலுக்குள் கொஞ்சம் போனாலே போன் சிக்னல் போய்விடும், எங்கள் நிலையம் அதற்கு அப்புறமும் கொஞ்ச தூரம் கேட்கும். அதனால் படகில் டிரான்சிஸ்டர்தான், உப்பில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பது வேறு விஷயம். யார் வீட்டிலாவது பழைய செட் பரணில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், தனிமடலில் சொல்லுங்கள். எங்கள் ஊரில் பழுது பார்க்க ஒரு பெரியவர் இருக்கிறார். பேட்டரி மூடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.